குறிப்புக் கட்டமும் ஒரு மஞ்சள் பையும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷ வேலையில் நான் அதிகம் பேசிய வார்த்தை ‘சரிங்க சார்’தான். அதனால் பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஊர் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே வீடு வரலாம், எங்கே ஆலை வரலாம், எந்தக் கண்மாயைத் தொடக் கூடாது, எந்த ரோடு எத்தனை அடி என்று முன்கூட்டியே வரைந்து வைப்பதுதான் நம் அலுவலக வேலை. இதெல்லாம் உங்களுக்குப் படிப்பிலேயே வந்திருக்கும். எனக்கு டீ கொண்டுபோய் வைக்கும்போது காதில் விழுந்து வந்தது.

என்னை ஃபைல் தூக்கத்தான் எடுத்தார்கள். ஆனால் வீடு வீடாக விவரம் எடுக்கப் போனபோது, கையில் அட்டையோடு நிற்கும் ஆண்களைப் பார்த்தால் பெண்கள் கதவைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தால் திறந்தார்கள், தண்ணீரும் கொடுத்தார்கள். அப்படித்தான் நான் வெளிவேலைக்குப் போனேன்.

முதல் மாதமே ஒரு கூத்து. வீடு என்றால் வரைபடத்தில் மஞ்சள், கடை என்றால் நீலம். பசுமலைப் பக்கம் ஒரு வீட்டில் முன்னறையில் தையல், பின்னால் மாவு மில், மாடியில் ட்யூஷன். என்னவென்று எழுத என்று அந்தம்மாவிடமே கேட்டேன். “ஏன்த்தா, நாங்க இங்கனதான படுத்து எந்திரிக்கோம். வீடுன்னே போடு” என்றார். வீடு என்று போட்டேன். எங்கள் மேலதிகாரி இரண்டு நாள் கழித்து அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “வீடுன்னு எழுதியிருக்கீங்க. நான் அங்க ஒரு சட்டை தைக்கக் குடுத்துட்டு வந்திருக்கேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு அந்த இடத்துக்கு மஞ்சளும் நீலமும் பட்டை பட்டையாகப் போடச் சொன்னார்.

அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் கூப்பிட்டபடி பெரியசார் என்றே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ரோட்டுக் கதை.

மேலூர் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு ரோடு. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் வரிசையாக வீடுகள். வருங்காலத்துக்கு அந்த ரோடு எத்தனை அடி அகலம் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு அந்த வழியில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது என்று எண்ண வேண்டும். இப்போது கம்பத்தில் கேமரா கட்டி எண்ணுகிறீர்கள். அப்போது எங்களுக்குக் கண்ணும் பென்சிலும்தான். லாரி, பஸ், கார், வேன், ஆட்டோ, பைக், சைக்கிள் என்று தாளில் கட்டம் இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு கோடு. நாலு கோடு நேராகப் போட்டு அஞ்சாவதைக் குறுக்கே போட வேண்டும். கடைசியாக ஒரு கட்டம் இருக்கும், ‘குறிப்பு’ என்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘மழை, விபத்து, சாலை மறியல் இருந்தால் எழுதவும்’ என்று அச்சடித்திருக்கும்.

அந்தக் கட்டத்தை மறந்துவிடாதீர்கள்.

பெரியசார்தான் நாள் குறித்தார். சனி ஞாயிறு கூடாது. அரசு விடுமுறை கூடாது. சந்தை நாள் கூடாது. எல்லாவற்றையும் தள்ளி, ஆவணியில் ஒரு புதன்கிழமை. நானும் சாமுவேலும் போனோம். சாமுவேல் எங்கள் வரைவாளர், வரைபடம் போடுகிறவர். உள்ளே போகும் வண்டி எனக்கு, வெளியே வரும் வண்டி அவருக்கு.

உட்கார இடம் தேடியபோது ஒரு டீக்கடையம்மா கூப்பிட்டாள். பெயர் பாண்டியம்மாள். அவளும் அவள் புருஷனும் வருஷக்கணக்காகக் குவாரியில் கல் சுமந்து கட்டிய ஓட்டு வீடு. முன்னறையில் கடை, பின்னறையில் அவர்களும் இரண்டு பெண்களும்.

“வெயில்ல என்னத்துக்கு நிக்கிறீக? என் வாசப்படியில உக்காந்து எண்ணுங்க. படி ஒண்ணும் தேஞ்சு போயிராது” என்றாள்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். ஏழு மணிக்குள் என் கை வலித்தது. வேன் மேல் வேன். கார் மேல் கார். பட்டுச்சேலைகள், மல்லிகைப்பூ, ஒரு வேனின் ஜன்னலில் நாதஸ்வரத்தின் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டின் கடைசியில் ஒரு கல்யாண மண்டபம். அன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம்.

“தம்பி, இதெல்லாம் கல்யாணத்துக்குப் போற வண்டில்ல?” என்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சாமுவேலைக் கேட்டேன்.

“வண்டி வண்டிதானக்கா. எதுக்குப் போகுதுன்னு கேக்க கட்டம் இல்லையே” என்றார் சாமுவேல்.

குறிப்புக் கட்டத்தைப் பார்த்தேன். மழை இல்லை. விபத்து இல்லை. மறியல் இல்லை. அரசாங்கத் தாளில் போய்க் கல்யாணம் என்று எழுதினால் சிரிப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. காலியாக விட்டுவிட்டேன். பிள்ளைகளே, என் வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஒரு வார்த்தை எழுதாமல் விட்டது.

பதினொரு மணிக்குமேல் கூட்டம் திரும்ப ஆரம்பித்தது. ஒரு வேன் டீ குடிக்க நின்றது. வெற்றிலை போட்ட வாயோடு ஒரு பெரியவர் இறங்கி, “எங்க வீட்டுக் கல்யாணம், நீங்களும் வாங்கிக்கங்க” என்று ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தார். மஞ்சள் துணிப்பை, உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. இரண்டு தேங்காயையும் சாமுவேல் எடுத்துக்கொண்டார். இரண்டு பையையும் நான் எடுத்துக்கொண்டேன். அன்று முதல் அந்தப் பையில்தான் என் சாப்பாட்டு டப்பா அலுவலகம் வந்தது.

தாள்கள் போயின. யாரோ கூட்டினார்கள், யாரோ பெருக்கினார்கள். மறு வருஷம் வரைவுத் திட்டம் வெளியானது. அந்த ரோட்டுக்கு எண்பது அடி. வரைபடத்தில் சிவப்புக் கோடு வீட்டு வரிசைக்குள் நுழைந்து போனது. பொதுமக்கள் ஆட்சேபணை சொல்ல நாள் கொடுத்தார்கள். நான் அந்தப் படத்தைச் சுருட்டியிருக்கிறேன், பிரித்திருக்கிறேன், தூசி தட்டியிருக்கிறேன். எந்தக் கோடு யார் வீட்டில் போகிறது என்று பார்க்கவில்லை.

ஆட்சேபணை கேட்கும் நாள் கார்த்திகையில் வந்தது. அன்று கேட்டு முடித்தால் மறுநாள் ஃபைல் சென்னைக்குப் போய்விடும். தல்லாகுளத்தில் நம் அலுவலக வராந்தா முழுக்க ஆட்கள். அதில் ஒரு குரல்.

“அக்கா! நீங்களா?”

பாண்டியம்மாள். கையில் மனு. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“என் வாசப்படியில உக்காந்து, என் டீயக் குடிச்சு, என் வீட்டை இடிக்கத்தான் அம்புட்டு நேரம் எண்ணுனீகளா? தெரிஞ்சிருந்தா சீனியாச்சும் கொறச்சுப் போட்டிருப்பேன்” என்றாள்.

பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “முன்னறை போயிட்டா கடை போச்சுக்கா. கடை போயிட்டா பின்னறையில இருந்து என்னத்தச் செய்ய?”

 அவளைக் கூட்டிக்கொண்டு போய் நாங்கள் சாப்பிடும் அறையில் உட்கார வைத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். என் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் டப்பாவைத் திறக்கவில்லை. பையைப் பார்த்தாள்.

“இது எங்க ரோட்டு மண்டபத்துக் கல்யாணப் பையில்ல?”

“ஆமா. எண்ண வந்த அன்னைக்குக் குடுத்தது.”

சொல்லிவிட்டு நானே பையைத் திருப்பிப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து மாப்பிள்ளை பெயர் போய்விட்டது. பெண் பெயர் பாதி இருந்தது. மண்டபத்தின் பெயர் இருந்தது. தேதி அப்படியே இருந்தது.

சாமுவேலைத் தேடிப் போனேன். அவர் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பையைக் காட்டினேன். எண்ணிக்கைத் தாளை ஃபைலிலிருந்து உருவி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே தேதி.

“அந்த ரோட்டுக்கு எண்பது அடியான்னு கோடு போடும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. கணக்கு அப்படிச் சொல்லுதுன்னு போட்டுட்டேன்” என்றார்.

“நீங்க போய்ச் சொல்லுங்க தம்பி.”

“நான் உள்ள போய் முன்னாடி உக்காரவா முடியும்? நீங்கதான் டீ கொண்டு போவீக. யாரும் தடுக்க மாட்டாக.”

அது உண்மைதான். பெரியசார் ஆட்சேபணை கேட்கும் அந்த அறைக்குள் எந்த நேரமும் போகக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஆனால் போய் டீயை வைத்துவிட்டு வருவது வேறு, வாயைத் திறப்பது வேறு. அத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் ‘சரிங்க சார்’ தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

தட்டில் டீ, தட்டுக்கு அடியில் மடித்த பை. உள்ளே போனேன். அந்த நேரம் மண்டபத்தின் உரிமையாளர் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பது அடி வேண்டும்.

“சார், முகூர்த்த நாள்ல நீங்க வந்து பாக்கணும். வண்டி ஊர்ந்துதான் போகுது. எங்க மண்டபத்துக்கு வர்ற வண்டிய நிறுத்த எடம் இல்ல, அம்புட்டும் ரோட்டுலதான் நிக்குது.”

“மத்த நாள்ல?” என்று பெரியசார் கேட்டார்.

“மத்த நாள்ல என்ன சார், காக்கா குருவிதான்.”

அவர் முன்னால் டீயை வைத்தேன். பெரியசார் முன்னால் வைத்தேன். வைக்கும்போது கொஞ்சம் சாசரில் கொட்டியது. வெளியே போக வேண்டியதுதான். போகவில்லை. பையை எடுத்து மேஜையில், ஃபைலுக்கு மேலேயே வைத்தேன்.

“என்னம்மா இது? சாப்பாட்டுப் பையா?”

“சரிங்க சார்” என்றேன். பழக்க தோஷம். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது. இனிமேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று தோன்றியது. “தேதியைப் பாருங்க சார். நாங்க எண்ணுன அன்னைக்குக் கல்யாணம். அம்புட்டு வண்டியும் கல்யாண வண்டி. நான் குறிப்புல எழுதல. தப்பு என்னோடது” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

பெரியசார் பையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சாசரில் கொட்டிய டீயையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்த ஆவணிப் புதன்கிழமையா?” என்றார் மெதுவாக. “அன்னைக்கு நானே ரெண்டு கல்யாணத்துக்குப் போனேனேம்மா.”

 அவர் சுவரைக் காட்டினார். அங்கே அரசாங்கக் காலண்டர் தொங்கியது. “இதைப் பாத்து நாள் குறிச்சேன். இதுல விடுமுறை இருக்கும், முகூர்த்தம் இருக்காது. வீட்டுல தினசரி கிழிக்கிற காலண்டரைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். காலையில அதைப் பாத்துட்டு மொய் கவர் எடுத்துக்கிட்டு கிளம்பினவன்தான் நான்.” பிறகு என்னைப் பார்த்தார். “தப்புல எனக்கும் பங்கு இருக்கு. முழுசையும் நீங்களே எடுத்துக்காதீங்க.”

மறுநாள் சென்னைக்குப் போயிருக்க வேண்டிய ஃபைலை நிறுத்தினார். திரும்ப எண்ணுவதற்குக் கால அவகாசம் கேட்டு அவரே கடிதம் எழுதினார். அது சின்ன விஷயம் இல்லை. ஏன் தாமதம் என்று மேலே கேட்பார்கள், நாளைத் தவறாகக் குறித்தது தான்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டார்.

வராந்தாவில் விஷயம் தெரிந்ததும் பாண்டியம்மாளுக்கு உயிர் வந்துவிட்டது. பெரியசார் வெளியே வந்தபோது மறித்துக்கொண்டாள்.

“சார், எப்படியும் இன்னொருக்கா எண்ணப் போறீக. மார்கழி பொறந்து வாங்களேன். ஒரு கல்யாணம் கிடையாது. ரோடே வேணாம்னு கணக்கு வந்துரும்.”

“அதுவும் பொய்க் கணக்குதாம்மா” என்றார் அவர். “உங்களுக்குப் பிடிச்ச பொய், அவ்வளவுதான்.”

அவர் சொன்னதை நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். அவள் வீடு நிற்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. மார்கழி என்று அவள் சொன்னதும் என் மனசும் ‘ஆமா, அதுதான் சரி’ என்றது. அவர் அந்தப் பக்கமும் சாயவில்லை, மண்டபத்துக்காரர் பக்கமும் சாயவில்லை. அடுத்த வாரத்திலேயே, முகூர்த்தமும் இல்லாத, பண்டிகையும் இல்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமையைப் பார்த்தார். இந்த முறை இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

மறுபடியும் அதே வாசப்படி. தன் வீடு நிற்குமா போகுமா என்று பாண்டியம்மாள் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள். ஒரு லாரி வந்தால் அவள் முகம் வாடும். சைக்கிள் வந்தால் மலரும்.

“அக்கா, அந்த லாரி ஏற்கெனவே ஒருக்கா போச்சு. திரும்ப எண்ணாதீக.”

“அது வேற லாரிம்மா.”

“கலரு ஒண்ணாத்தான இருக்கு!”

எதிர்ப்பக்கமிருந்து சாமுவேல் கத்தினார்: “அக்கா, டீக்கடை அம்மாவ உள்ள அனுப்புங்க. கணக்குல கை வைக்கிறாக!”

அன்றைக்குக் குறிப்புக் கட்டத்தை நான் காலியாக விடவில்லை. காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தார் ரோட்டிலேயே நடந்து போனார்கள், லாரி வந்தால் வயலில் இறங்கினார்கள். நடக்கிறவர்களுக்குத் தாளில் கட்டமே கிடையாது. அதனால் குறிப்பில் எழுதினேன்: ‘பிள்ளைகள் நடக்க ஓரம் இல்லை. வயலில் இறங்குகிறார்கள்.’ இடம் போதவில்லை, தாளின் பின்பக்கமும் எழுதினேன்.

கணக்குப் பார்த்ததில் நாற்பது அடி போதும் என்று வந்தது. அதில் ஒரு பக்கம் நடைபாதை. மண்டபத்துக்காரர் வண்டி நிறுத்தத் தன் இடத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். “கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஏத்த மாதிரி நாம வீடு கட்டுறதில்ல. பந்தல்தான் போடுறோம்” என்று பெரியசார் அவரிடம் சொன்னதாகச் சாமுவேல் சொன்னார். மண்டபத்துக்காரர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு பக்கத்து வயலை வாங்கி வண்டி நிறுத்தினார்.

பாண்டியம்மாளின் முன்னறை நின்றது. முன்னால் இறக்கியிருந்த தகரச் சாய்ப்பு மட்டும் போனது. அதற்கு அவள் என்னை விடவில்லை. “நீங்க பிள்ளைக நடக்குதுன்னு எழுதுனீகளாம்ல. அந்த நடைபாதைதான் என் சாய்ப்பத் தின்னுச்சு” என்றாள். ஆனால் இப்போது அந்தப் பிள்ளைகள் நடைபாதையில் நின்று அவள் கடையில்தான் கடலைமிட்டாய் வாங்குகிறார்கள். அதை அவள் சொல்ல மாட்டாள். நான் பார்த்திருக்கிறேன்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன ஆவணியில் பாண்டியம்மாளின் சின்ன மகளுக்குக் கல்யாணம், அதே மண்டபத்தில். போய்விட்டுத் தாம்பூலப் பையோடு நடைபாதையில் நடந்து வந்தேன். ரோட்டோரக் கம்பத்தில் ஒரு கேமரா. அதன் அடியில் மடக்கு நாற்காலியில் ஒரு பெண்பிள்ளையும் ஒரு தம்பியும், மடியில் லேப்டாப். கழுத்தில் நம் அலுவலக அடையாள அட்டை. ரோடு முழுக்க வேனும் காரும்.

நின்றேன். சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. நான் யார், ஓய்வு பெற்ற ஆபீஸ் உதவியாள், கேமரா எண்ணுகிற இடத்தில் போய் என்ன சொல்வது என்று அதே பழைய கூச்சம்.  கையிலிருந்த மஞ்சள் பையை லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, “எங்க வீட்டுக் கல்யாணம். எடுத்துக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை, “தேங்க்ஸ் பாட்டி” என்றது.

நீங்கள் இருவரும் இதைப் படிப்பீர்கள். தேங்காயை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பையைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அதில் அச்சடித்திருக்கும் தேதியை ஒருமுறை பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலும் குறிப்புக் கட்டம் ஒன்று இருக்கும்.